அட்வான்ஸ் கொடுக்க முன்னம்: ஒரு வளவின் மேல் விழும் கோடுகளை வாசிப்பது எப்படி

நான் இலங்கையின் மட்டக்களப்பில், கல்லடியில் வீட்டுப் பிளான் கீறுகிறேன். மாநகர சபைக்கும் பக்கத்துப் பிரதேச சபைகளுக்கும் போகும் பிளான்கள்தான் என் வேலை. என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானவர்கள் காணியை வாங்கி, உறுதி எழுதி, மதிலும் கட்டிய பிறகுதான் வருகிறார்கள். "இது வீடு கட்டுற ஏரியாதான் தங்கச்சி, புரோக்கர் விசாரிச்சுச் சொன்னவர்" என்று சொல்லிக்கொண்டு சேர்வே பிளானை மேசையில் விரிப்பார்கள். புரோக்கர் சொன்னது உண்மையாகவே இருக்கும். அந்த இடம் வதிவிட வலயம்தான். அந்த வலயத்துக்கு மேலால் இன்னும் இரண்டு, மூன்று கோடுகள் போவதைத்தான் யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

அவர்களில் பலருக்கு அது கத்தாரில் வருடக்கணக்கில் வெயில் குடித்து உழைத்த காசு. அதனால் காணி வாங்க முன்னம் என்ன பார்க்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்று என் மேசையில் நான் செய்கிற முறையையே இங்கே எழுதுகிறேன். மட்டக்களப்பை வைத்து எழுதினாலும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் இருப்பவர்களுக்கும் இதே சட்டங்கள்தான்.

முதலில் அடிப்படை. ஒரு துண்டுக் காணியில் என்ன செய்யலாம் என்பதை இரண்டு வகையான விதிகள் தீர்மானிக்கின்றன. ஒன்று, அந்தக் காணி எந்த வலயத்தில் இருக்கிறது என்பது. நகரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, இது வதிவிடம், இது வர்த்தகம், இது கைத்தொழில், இது சுற்றுலா, இது பாதுகாக்க வேண்டிய இயற்கைப் பகுதி என்று வைத்திருப்பார்கள். ஒரு காணி பொதுவாக ஒரு வலயத்துக்குள்தான் வரும். மற்றது, வலயம் எதுவாக இருந்தாலும் அதன் மேல் வந்து விழுகிற விதிகள். கடற்கரைக்குக் கிட்ட, வாவிக்குக் கிட்ட, வயல், பெரிய வீதியோரம், பழைய சின்னத்துக்குப் பக்கம் என்று காணி இருக்கிற இடத்தைப் பொறுத்து இவை கூடிக்கொண்டே போகும். ஒரே காணியின் மேல் நான்கு கூட விழலாம். எது இறுக்கமானதோ அதுதான் உங்கள் கையைக் கட்டும்.

வெளிநாட்டு நகரங்கள் பலவற்றில் இந்த இரண்டாவது வகையை ஓவர்லே என்று வலய வரைபடத்தின் மேலேயே கீறி வைத்திருப்பார்கள். ஒரே இடத்தில் எல்லாம் தெரியும். எங்களுக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒவ்வொரு சட்டம், ஒவ்வொரு ஒபிஸ். எல்லாவற்றையும் ஒரே கடதாசியில் வைத்துப் பார்க்கிற வேலையை வாங்குகிறவர்தான் செய்ய வேண்டும்.

நான் அதை உண்மையாகவே கடதாசியில்தான் செய்கிறேன். சேர்வே பிளானின் மேல் ஒரு ட்ரேசிங் தாளை ஒட்டுவேன். ஒவ்வொரு ஒபிஸிலும் கிடைக்கிற கோட்டை ஒவ்வொரு நிறப் பென்சிலால் அதில் கீறுவேன். கடைசியில் எந்த நிறமும் தொடாத துண்டு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்பேன். வீடு அதற்குள்தான் வரும். ட்ரேசிங் தாள் கிடைக்காவிட்டால் சேர்வே பிளானைப் போட்டோக் கொப்பி எடுத்து அதன் மேலேயே கீறுங்கள்.

வலயம் என்ன சொல்கிறது

1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின்படி, அமைச்சர் வர்த்தமானியில் ஒரு பகுதியை நகர அபிவிருத்திப் பகுதி என்று அறிவிக்கலாம். அறிவித்தால் யூ.டி.ஏ. என்று சொல்லும் அந்த அதிகார சபையின் விதிகள் அங்கே பொருந்தும். மட்டக்களப்பு மாநகர எல்லை அப்படி அறிவிக்கப்பட்டதுதான். அறிவிக்காத கிராமப் பகுதியில் விதியே இல்லை என்று நினைக்க வேண்டாம். அங்கே பிரதேச சபையின் அதிகாரமும், 1915 இல் இருந்து இருக்கிற வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும் நிற்கின்றன. ஆகவே முதல் கேள்வி: "இந்தக் காணி அறிவிக்கப்பட்ட பகுதிக்குள் வருகிறதா?" அதற்குப் பிறகுதான் எந்த வலயம் என்ற கேள்வி.

1982 இல் வந்த திருத்தத்தோடு, அறிவிக்கப்பட்ட பகுதியில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் எந்த அபிவிருத்தி வேலையும் செய்யக்கூடாது என்றாகிவிட்டது. அபிவிருத்தி வேலை என்றால் கட்டடம் கட்டுவது மட்டும்தான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். காணியைத் துண்டாடுவதும் அதற்குள் வரும். நிலத்தில் செய்கிற பொறியியல் வேலைகளும் வரும். ஒரு கட்டடத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதும் வரும். வீட்டு முன் விறாந்தையையும் ஹோலையும் சேர்த்து ரியூசன் வகுப்பாக்குவது எங்கள் ஊரில் சாதாரண விஷயம். ஒரு கல்லும் புதிதாக வைக்கவில்லை, ஆனாலும் அது பயன்பாட்டு மாற்றம். நூறு பிள்ளைகளின் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஒரு சின்ன ஒழுங்கையில் நிற்கத் தொடங்கிய பிறகு பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு செய்தால், கேட்கிற முதல் கடதாசி அந்த அனுமதிதான். கமம் செய்வதும் வீட்டுத்தோட்டம் வைப்பதும் இந்த வரையறைக்குள் வராது. கத்தரியும் வெண்டியும் போடுவதற்கு யாரிடமும் போகத் தேவையில்லை.

வலயத்தைக் கண்டுபிடித்ததும் அதனிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். என்ன பயன்பாடு செய்யலாம், எவ்வளவு கட்டலாம், எங்கே தள்ளிக் கட்ட வேண்டும்.

பயன்பாட்டில் சில நேராக அனுமதிக்கப்பட்டிருக்கும். சில நிபந்தனையோடு, குழு பார்த்துத் தரும். இரண்டும் ஒன்றில்லை. வதிவிட வலயத்தில் வீடு முதல் வகை. அதே இடத்தில் மா அரைக்கும் மில் போட நினைத்தால் அயலவர், சத்தம், தூசு எல்லாம் பேச்சுக்கு வரும். வலயம் இடம் கொடுத்தாலும் அந்தத் தொழிலுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் தேவையா என்று தனியாகப் பார்க்க வேண்டும். அது 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வருவது. சபையின் வியாபார அனுமதியும் வேறு.

எவ்வளவு கட்டலாம் என்பதற்கு இரண்டு எண்கள் இருக்கும். காணியில் எத்தனை வீதத்தைக் கட்டடம் மூடலாம் என்பது ஒன்று. எல்லா மாடிகளையும் கூட்டினால் காணிப் பரப்பின் எத்தனை மடங்கு வரலாம் என்பது மற்றது. இதை எஃப்.ஏ.ஆர். என்பார்கள். கணக்கு எளிது. 10 பேர்ச்சஸ் என்றால் 253 சதுர மீற்றர். உதாரணத்துக்கு 65 வீதம் மூடலாம், எஃப்.ஏ.ஆர். 1.5 என்று வைத்துக்கொள்வோம். நிலத்தில் 164 சதுர மீற்றர் வரை, அதாவது ஏறத்தாழ 1,770 சதுர அடி கட்டடம் நிற்கலாம். எல்லா மாடியும் சேர்த்து 379 சதுர மீற்றர். இரண்டு மாடியை முழுதாகக் கட்டினால் 328. மூன்றாவது மாடிக்கு மிஞ்சுவது 51 சதுர மீற்றர்தான், ஒரு மொட்டைமாடி அறையும் படிக்கட்டும். மூன்று மாடிக்கு அத்திவாரம் போட்ட பிறகு இந்தக் கணக்கைப் பார்ப்பதில் பயனில்லை. உங்கள் வலயத்தின் உண்மையான எண்களைக் கேட்டு இதே மாதிரி ஒரு துண்டில் போட்டுப் பாருங்கள், அஞ்சே நிமிட வேலை.

மூன்றாவது, முன்னும் பின்னும் விட வேண்டிய வெளி, உயரம், வாகனம் நிறுத்த இடம். கல்லடி, நாவற்குடா மணல் நிலம். கிணறும் மலகூடக் குழியும் ஒரே வளவுக்குள் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். சின்னக் காணியில் வீட்டின் இடத்தை வலய விதியைவிட இந்தத் தூரம்தான் தீர்மானிக்கிறது. பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதை விடமாட்டார், விடவும் கூடாது. குடிக்கிற தண்ணீர்.

கடலும் வாவியும்

இதுதான் எங்கள் ஊரில் ஆகப் பெரிய கோடு. நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் ஒரு கரையோர வலயத்தை வரையறுக்கிறது. சராசரி உயர் நீர் மட்டக் கோட்டில் இருந்து தரைப் பக்கம் 300 மீற்றர், சராசரி தாழ் நீர் மட்டக் கோட்டில் இருந்து கடல் பக்கம் 2 கிலோமீற்றர். நிரந்தரமாகவோ இடைக்கிடையோ கடலோடு சேர்கிற ஆறு, வாவி என்றால், அதன் வாயின் இரண்டு கரைகளுக்கும் இடையில் ஒரு நேர்கோடு போட்டு, அதில் இருந்து உள்பக்கம் செங்குத்தாக 2 கிலோமீற்றர் வரைக்கும் அந்த வலயம் போகும். 2011 இல் சட்டம் திருத்தப்பட்டபோது, அப்படிக் கடலோடு சேர்கிற நீர்நிலைகளின் ஓரம் நெடுகிலும், பூச்சிய சராசரிக் கடல் மட்டத்தில் இருந்து தரைப் பக்கம் 100 மீற்றரும் சேர்ந்தது.

இந்த வரிகளைக் கொழும்பில் இருந்து வாசிப்பது வேறு, வாவி சூழ்ந்த எங்கள் புளியந்தீவில் இருந்து வாசிப்பது வேறு. எங்கள் வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். பாலமீன்மடுப் பக்கமும் கோட்டைக்கல்லாற்றுப் பக்கமும் கடலோடு சேர்கிறது. மாரியில் வெள்ளம் ஏறினால் முகத்துவாரத்தை வெட்டிவிடுகிற ஊர் இது. 'இடைக்கிடையோ சேர்கிற' என்ற அந்தச் சொற்களுக்குள் நாங்கள் அப்படியே வந்துவிடுகிறோம். கல்லடியும் நாவலடியும் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி என்று கிடக்கிற நிலம். கிழக்கே 300 மீற்றரைக் கீறி, மேற்கே 100 மீற்றரைக் கீறினால் சில ஒழுங்கைகளில் மிஞ்சுகிற இடம் மிகக் குறைவு.

கரையோர வலயத்துக்குள் வந்துவிட்டால் கட்டவே முடியாது என்று அர்த்தமில்லை. பலர் இதைக் கேட்டதும் பயந்து நல்ல காணியை விட்டுவிடுகிறார்கள். வலயத்துக்குள் வந்தால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் தேவை, அவ்வளவுதான். கட்ட முடியாத பகுதி அதற்குள்ளே இன்னொரு கோடு. கரையில் இருந்து இவ்வளவு தூரம் தள்ளித்தான் கட்ட வேண்டும் என்று பின்வாங்கு தூரம் ஒன்றை ஒவ்வொரு கரைத் துண்டுக்கும் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். அதில் கரையை ஒட்டிய பகுதி ஒதுக்கு, அங்கே வீடு கிடையாது. அதற்கு அடுத்தது கட்டுப்பாட்டுப் பகுதி. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இரண்டு: "என் காணி கரையோர வலயத்துக்குள் வருகிறதா?", "வந்தால் இந்த இடத்தில் பின்வாங்கு தூரம் எவ்வளவு, எந்தக் கோட்டில் இருந்து அளக்கிறீர்கள்?" இரண்டாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

சுனாமிக்குப் பிறகு, 2005 இல், வடக்குக் கிழக்கில் 200 மீற்றர், மற்றப் பக்கங்களில் 100 மீற்றர் என்று ஒரு தடை வலயம் கொண்டுவந்தார்கள். பிறகு அதைக் கைவிட்டு, பழையபடி கரையோர முகாமைத்துவத் திட்டத்தின் தூரங்களுக்கே வந்தார்கள். ஆனால் '200 மீற்றர்' என்ற எண் மட்டும் ஊரின் வாயில் நின்றுவிட்டது. "200 தள்ளிக் கிடக்கு மகள், பிரச்சினை இல்லை" என்று விற்பவர் சொன்னால் அது பழைய எண். இன்றைய கோட்டை ஒபிஸில் கேளுங்கள்.

நான் முதலில் ஃபோனில் உள்ள மெப்பில் கரையில் இருந்து காணியின் கிட்டிய எல்லை வரை தூரத்தை அளந்து பார்ப்பேன். இது ஒரு மதிப்பீடுதான். மணல் ஏறி இறங்கும். உயர் நீர் மட்டக் கோடு நாங்கள் கண்ணால் காண்கிற அலை ஓரம் இல்லை. மெப்பில் 350 மீற்றருக்குக் குறைவாகக் காட்டினால் திணைக்களத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாவிப் பக்கம் என்றால் 150 க்குக் குறைவாக இருந்தாலே போங்கள். சிறிய வேலைகளுக்கான விண்ணப்பம் பிரதேச செயலகம் ஊடாகவும் போகலாம். அங்கேயே கேட்டால் வழி சொல்வார்கள்.

வாவிக் கரையில் இன்னொன்றும் இருக்கிறது, அரச ஒதுக்கு. கண்ணா மரம், அதாவது கண்டல், நிற்கிற ஈர நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிறவல் போட்டு நிரப்பி, வேலியைத் தள்ளித் தள்ளி, பிறகு அதையும் சேர்த்து விற்பது நடக்கிறது. உறுதியில் 12 பேர்ச்சஸ், தரையில் 16 பேர்ச்சஸ் என்றால் கூடுகிற 4 உங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் இல்லை, அது அரச காணியாக இருக்கலாம். புதுச் சேர்வே ஒன்று எடுக்காமல் வாவிக் கரையில் காணி வாங்கவே வேண்டாம். அந்தக் கண்ணா மரங்கள்தான் இறால் குஞ்சுக்கும் மீன் குஞ்சுக்கும் இடம். அவற்றை வெட்டி வந்த நிலத்தில் வீட்டுப் பிளான் கீற நான் ஒப்புக்கொள்வதில்லை.

வட்டையும் தோணாவும்

உறுதியைக் கையில் எடுத்ததும் காணியின் விபரணத்தை எழுத்து எழுத்தாக வாசியுங்கள். 'வயல்' என்றோ 'நெற்காணி' என்றோ ஒரு சொல் இருந்தால் அங்கேயே நில்லுங்கள். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, நெற்காணியை நிரப்பவோ வேறு தேவைக்குப் பயன்படுத்தவோ கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி வேண்டும். காணி எந்த வலயத்தில் இருந்தாலும் சரி. இன்றைக்கு அங்கே நெல் இல்லை, மண் நிரப்பிச் சமதரையாகக் கிடக்கிறது என்பதும் கதையை மாற்றாது. கமநல சேவை நிலையத்தில் நெற்காணிப் பதிவேடு இருக்கிறது. உங்கள் காணி அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். வட்டையின், அதாவது வயல்வெளியின், விளிம்பில் துண்டாடி விற்கிற காணிகளுக்கு இந்தக் கேள்விதான் முதல் கேள்வி.

வயலாக இல்லாவிட்டாலும் பள்ளக் காணி என்றால் தண்ணீரைப் பற்றிக் கேட்க வேண்டும். தோணா என்கிற நீரோடை கடலுக்கோ வாவிக்கோ ஓடுகிற வழி, அதைச் சுற்றிய தாழ்வு, மழைத் தண்ணீர் தேங்கி நின்று போகிற இடம், இவற்றை நிரப்புவதற்கு வடிகால் சம்பந்தமான ஒப்புதல் கேட்பார்கள். கேட்பது நியாயம். 2011 தை மாத வெள்ளத்தை மட்டக்களப்பு, அம்பாறை ஆட்கள் யாரும் மறந்திருக்கமாட்டோம். ஒருவர் தன் வளவை மூன்றடி உயர்த்தினால் தண்ணீர் மறைந்துவிடாது, பக்கத்து வளவுக்குப் போகும்.

இதற்கு நான் சொல்கிற ஒரு வழி எந்தச் சட்டத்திலும் இல்லை. காணியைக் கார்த்திகையிலோ மார்கழியிலோ போய்ப் பாருங்கள். புரோக்கர் ஆடி மாதத்தில்தான் காட்டுவார். மாரியில் போக முடியாவிட்டால் பக்கத்து வீட்டு மதிலைப் பாருங்கள், தண்ணீர் நின்ற கறை தெரியும். எதிர்வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். "மழைக்கு இதில முழங்கால் அளவு நிக்கும் மனே, மறுகா ரெண்டு நாளையில வடியும்" என்று உள்ளதைச் சொல்வார். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையில் அவருக்கு ஒரு லாபமும் இல்லை.

வீதி

வீதியோரக் காணியில் இரண்டு கோடுகள் ஓடும். வீதியை எதிர்காலத்தில் எவ்வளவுக்கு அகட்டப் போகிறார்கள் என்பதைக் காட்டும் வீதிக் கோடு ஒன்று. கட்டடம் எங்கே தொடங்கலாம் என்பதைக் காட்டும் கட்டடக் கோடு மற்றது. சபைக்குச் சொந்தமான வீதி என்றால் சபையில் கேட்க வேண்டும். கொழும்பில் இருந்து வருகிற ஏ4, திருகோணமலைக்குப் போகிற ஏ15 போன்றவற்றின் ஓரம் என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையில். வீதிக் கோட்டுச் சான்றிதழையும், காணியைச் சபை சுவீகரிக்கவில்லை என்று காட்டும் நொன்-வெஸ்டிங் சேர்டிபிக்கட்டையும் வங்கி எப்படியும் கேட்கும். லோன் எடுக்காவிட்டாலும் எடுங்கள். கடை கட்ட என்று வாங்குகிற காணியில் முன்பக்கத்து 10 அடிதான் காசு. அந்த 10 அடி கோட்டுக்குள் போய்விட்டால் நீங்கள் கொடுத்த விலைக்குக் கணக்கே இல்லை.

மற்றவை சிலருக்குத்தான். புளியந்தீவில் கோட்டைக்குக் கிட்ட என்றால் தொல்பொருள் திணைக்களத்திடம் ஒரு வார்த்தை கேளுங்கள், அது 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. திமிலைதீவு விமான நிலையத்தைச் சுற்றி உயர்ந்த கட்டடம் போட நினைத்தால் உயரத்துக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை. ரயில் பாதையோரம் என்றால் ரயில்வே ஒதுக்கு. தலைக்கு மேலே பெரிய மின்கம்பி போனால் மின்சாரத்துக்குப் பொறுப்பான ஒபிஸ். பாசிக்குடாப் பக்கம் ஹோட்டலோ கெஸ்ட் ஹவுஸோ என்றால் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை.

மகள்மாருக்குப் பிரிக்கும்போது

எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்கு. மூன்று பெண் பிள்ளைகள் என்றால் வளவை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு வீடு கட்டிக் கொடுப்பது தாய் தகப்பனின் வாழ்நாள் வேலை. என்னிடம் வருகிற கண்ணீரில் பாதி இங்கேதான். மனதால் பிரித்துவிடுவார்கள், வேலியும் போட்டுவிடுவார்கள், சபையின் ஒப்புதல் இருக்காது. இளைய மகள் வீட்டுப் பிளான் போடும்போதுதான் அது தெரியவரும்.

பிரிப்பதற்கு அனுமதி வேண்டும் என்று மேலே சொன்னேன். பிரிக்கிற துண்டு எவ்வளவு சின்னதாக இருக்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. நீண்டகாலமாகப் புழக்கத்தில் உள்ள குறைந்த அளவு 150 சதுர மீற்றர், 6 பேர்ச்சுக்குக் கொஞ்சம் குறைவு. வலயத்தைப் பொறுத்து இது கூடலாம். ஒவ்வொரு துண்டுக்கும் பாதை வேண்டும்.

20 பேர்ச்சஸ் வளவை எடுப்போம். மூன்றாகப் பிரித்தால் ஒன்றுக்கு 6.67 வருகிறதே என்று நினைப்போம். பின்துண்டுகளுக்குப் போக 10 அடி அகலத்தில் 80 அடி நீளத்துக்கு ஒரு ஒழுங்கை விட்டால் அது 800 சதுர அடி, ஏறத்தாழ 3 பேர்ச்சஸ். மிஞ்சுவது 17. மூன்றால் பிரித்தால் 5.67 பேர்ச், அதாவது 143 சதுர மீற்றர். எல்லைக்குக் கீழே போய்விட்டது. மூன்று மகள்மாரும் கண்முன்னே நிற்க, 7 சதுர மீற்றரில் கணக்கு உடைகிறது.

வழி இல்லாமல் இல்லை. துண்டுகளின் வடிவத்தை மாற்றி ஒழுங்கையின் நீளத்தைக் குறைக்கலாம். வீதி முகப்பு அகலமாக இருந்தால் ஒழுங்கையே தேவைப்படாமல் போகலாம். இரண்டு துண்டாக்கி, ஒன்றில் மேலும் கீழுமாக இரண்டு வீடு கட்டி, மாடி வீட்டுக்குத் தனி உறுதி எடுக்கலாம். அதற்கு 1973 ஆம் ஆண்டின் தொடர்மாடி உரித்துச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அதை வீடு கட்ட முன்னமே தீர்மானித்து, படிக்கட்டையும் வாசலையும் அதற்கேற்றபடி வைக்க வேண்டும். மூத்த மகளின் வீட்டுக்கு அத்திவாரம் போட முன்னம் மூன்று மகள்மாருக்கும் சேர்த்து ஒரு பிளான் போடுங்கள். மூத்தவளின் வீட்டை நடு வளவில் வைத்துவிட்டால் பிறகு எந்தப் படவரைஞராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஒபிஸுக்குப் போகும்போது

கையில் மூன்று இருக்கட்டும்: உறுதியின் பிரதி, சேர்வே பிளானின் பிரதி, காணி இருக்கிற இடத்தைக் காட்டும் மெப்பின் அச்சுப் பிரதி. அரசாங்க பேர்மிட் காணி அல்லது அளிப்புப் பத்திரம் என்றால் முதலில் பிரதேச செயலகத்தின் காணிப் பகுதிக்குப் போங்கள். அதைக் கைமாற்ற முடியுமா என்பதே வேறு கேள்வி.

பிறகு மாநகர சபை அல்லது பிரதேச சபை, யூ.டி.ஏ.யின் மாவட்ட அலுவலகம். "இதில் வீடு கட்டலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் "கட்டலாம்" என்று பொதுவாகத்தான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: "இந்தச் சேர்வே பிளானில் உள்ள இந்தத் துண்டு எந்த வலயம்? இரண்டு மாடி வீடும் முன்னால் ஒரு சின்னக் கடையும் போட நினைக்கிறேன், இது நேரடியாக அனுமதிக்கப்பட்டதா, நிபந்தனையோடா? வேறு எந்தத் திணைக்களத்தின் ஒப்புதல் கேட்பீர்கள்?" கடைசிக் கேள்விக்கு வருகிற பதில்தான் உங்கள் ட்ரேசிங் தாளில் எத்தனை நிறம் வரும் என்பதைச் சொல்கிறது. கிராம சேவகரின் கடிதம் நீங்கள் அங்கே வசிப்பதைக் காட்டும், கட்டலாம் என்பதைக் காட்டாது.

வாய்ச் சொல்லை வைத்துக் காசு கொடுக்க வேண்டாம். யூ.டி.ஏ. விதிகளில் பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதி என்று ஒரு படி இருக்கிறது. முழுப் பிளான் கீற முன்னம், நினைத்த பயன்பாடு அந்தக் காணிக்குச் சரிவருமா என்று எழுத்தில் கேட்டு வாங்கலாம். கொஞ்சம் கட்டணம் போகும். பெரிய காசைக் கட்ட முன்னம் அது பெறுமதியானது. எங்காவது தகவல் தர இழுத்தடித்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதலாம்.

விற்பவரோடு ஒப்பந்தம் எழுதும்போது நொத்தாரிசிடம் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: குறித்த பயன்பாட்டுக்கு அனுமதி மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் திரும்பக் கொடுக்கப்படும் என்று. உண்மையான காணி விற்பவர் இதற்குப் பெரும்பாலும் சம்மதிப்பார். கோபப்பட்டால், ஏன் கோபம் என்று யோசியுங்கள்.

பிளான் சபைக்குப் போனதும் திட்டமிடல் குழு பார்க்கும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேன்முறையீட்டுக்குச் சட்டத்தில் இடமுண்டு. அனுமதிப்பத்திரம் ஒரு வருடத்துக்குத்தான், முடிய முன்னம் நீடிக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பி அனுப்பிக் கட்டுபவர்கள் இந்தத் திகதியை ஃபோனில் போட்டு வையுங்கள். அனுமதி இல்லாமலோ, அனுமதித்ததை மாற்றியோ கட்டினால், நிறுத்தச் சொல்லி அறிவித்தல் வரும். கேட்காவிட்டால் விஷயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போய் இடிக்கிற கட்டளை வரைக்கும் போகலாம். கட்டி முடிந்ததும் சி.ஓ.சி. எனப்படும் இணக்கச் சான்றிதழ். "குடி போயாச்சு, இனி எதுக்கு?" என்று விட்டுவிடாதீர்கள். வீட்டை அடகு வைக்கவோ விற்கவோ போகிற அன்று அதைத்தான் கேட்பார்கள்.

இன்னுமொன்று. ஒரு நகரத்துக்குப் புது அபிவிருத்தித் திட்டம் வரைகிறபோது அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்பார்கள். உங்கள் தெருவை எந்த நிறத்துக்குள் போட்டிருக்கிறார்கள், எந்த வளவுக்கு மேலால் புது வீதிக் கோடு போகிறது, எந்தத் தோணாவை ஒதுக்காகக் காட்டியிருக்கிறார்கள், எதைக் காட்டாமல் விட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் பார்த்துச் சொல்ல முடியும். வர்த்தமானியில் வந்த பிறகு மாற்றுவது மிகவும் கஷ்டம். சபை அறிவித்தல் பலகையையும் தமிழ்ப் பத்திரிகையின் அறிவித்தல் பக்கத்தையும் பாருங்கள். ஆட்சேபம் எழுதினால் சேர்வே பிளானின் இலக்கத்தையும் துண்டின் இலக்கத்தையும் போட்டு, என்ன மாற்றம் வேண்டும், ஏன் என்று எழுதுங்கள். தெருவில் உள்ளவர்கள் சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது. இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், ஒன்றில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.